சிட்டி கேட்கும் எட்டு லட்சத்துச் சொச்சம்

கேள்வி: வணக்கம் மேடம். நானும் மூன்று நண்பர்களும் சேர்ந்து டாலஸுக்கு வடக்கே, வேகமாக வளர்கிற ஒரு சின்ன நகரத்தில் 9 ஏக்கர் வாங்கியிருக்கிறோம். 28 தனி வீட்டு மனைகளாகப் பிரிக்கத் திட்டம். நால்வருக்குமே ஐடி வேலை, இதுதான் முதல் அனுபவம். வரைபடத்தைச் சிட்டியில் (நகராட்சியில்) கொடுத்தோம், பதிலுக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. நிலத்துக்கு முன்னால் 620 அடி ஓடும் பழைய தார் ரோட்டை, பிற்பாடு வரப்போகும் நான்கு வழிச் சாலையின் பாதியாக, கான்கிரீட்டில் நாங்களே போட வேண்டுமாம். அது 3,90,000 டாலர். அதற்காக 15 அடி அகலத்துக்கு நிலமும் சும்மா விட வேண்டும். ரோட்டுக்கான இம்பாக்ட் ஃபீ (புது வீடுகள் ஊர் வசதிகள்மேல் ஏற்றும் சுமைக்கான கட்டணம்) 92,400. 1,400 அடி தள்ளியிருக்கும் மெயினிலிருந்து 12 இஞ்ச் தண்ணீர் பைப் இழுக்க 1,96,000. கால் மைல் தள்ளி என்றைக்கோ வரப்போகும் சிக்னலுக்கு 1,00,000 டெபாசிட். கட்டுமானச் செலவில் 4 சதவீதம் இன்ஸ்பெக்‌ஷன் ஃபீ, அது 56,000. கூட்டினால் 8,34,400. வீட்டுக்கு ஏறக்குறைய 30,000 டாலர்! போதாததற்கு, 'இதையெல்லாம் எதிர்த்து முறையிட மாட்டோம்' என்று ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்தும் கேட்கிறார்கள்.

என் அப்பா மதுரைப் பக்கம் மனை போட்டு விற்றவர். 'ரோட்டைப் போட்டு தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தோமா, வேலை முடிந்ததா என்று இருக்க வேண்டாமா? இது என்ன கொள்ளை' என்கிறார். ஒரு நண்பர் மொத்தத்தில் 30 சதவீதம் குறைக்கச் சொல்லிப் பேசலாம் என்கிறார். இன்னொருவர் லாயர் வைக்கலாம் என்கிறார். என்ன செய்வது? (பெயர் வேண்டாம், டெக்சாஸ். கடிதம் சுருக்கப்பட்டிருக்கிறது, கூட வந்த தாள்கள் இங்கே இல்லை.)

பதில்:

முதலில் அந்த 30 சதவீதப் பேச்சை விடுங்கள். மொத்தத்தில் தள்ளுபடி கொடுக்கச் சிட்டி எஞ்சினியருக்கு அதிகாரமே கிடையாது. உங்களுக்குக் கொடுத்தால் அடுத்து வருகிறவருக்கும் கொடுத்தாக வேண்டும். ஆனால், ஒவ்வொரு வரியையும் காட்டி 'இந்தத் தொகை எப்படி வந்தது?' என்று கேட்டால், பதில் சொல்லும் கடமை அவருக்கு உண்டு. பதினோரு வருஷம் அந்த மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இதே மாதிரிக் கடிதங்கள் எழுதியவள் நான். இப்போது ஒன்பது வருஷமாக இந்தப் பக்கம். அங்கே இருந்தபோது என்னைப் பார்க்க வந்த டெவலப்பர்களில் சிலர் கத்தினார்கள், பலர் கெஞ்சினார்கள். கணக்குத் தாளோடு வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கடிதத்தைத் திருத்தி எழுதிக் கொடுத்ததெல்லாம் அவர்களுக்குத்தான்.

உங்கள் அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அது பாதிதான். லேஅவுட்டுக்கு உள்ளே இருக்கும் ரோடு, பைப், சாக்கடை, மழைநீர் வடிகால் எல்லாம் இங்கேயும் உங்கள் செலவு, போட்டு முடித்துச் சிட்டியிடம் ஒப்படைக்க வேண்டும். அதில் ஒரு டாலர்கூட வாதாட வேண்டாம். வாதாடினால் மற்ற வாதங்களின் மதிப்பும் போய்விடும். உங்கள் நுழைவாயிலுக்கு வண்டி திரும்பத் தனித் தடம் கேட்டால் அதுவும் உங்களுடையதே. கேள்வி எழுவது நுழைவாயிலுக்கு வெளியே, ஊர் முழுக்க ஓட்டப்போகும் சாலையிலும் ஊர் முழுக்கக் குடிக்கப்போகும் பைப்பிலும்தான்.

அங்கே எவ்வளவு கேட்கலாம் என்பதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1994-இல் ஓர் அளவுகோல் வைத்தது. ஆரிகன் மாநிலத்தில் டிகார்ட் என்கிற ஊர். பிளம்பிங், எலெக்ட்ரிக்கல் சாமான் விற்கும் கடையைப் பெரிதாக்க டோலன் என்கிற பெண்மணி அனுமதி கேட்டார். ஓடையோரத்து வெள்ளச் சமவெளி நிலத்தையும், சைக்கிள் பாதைக்காக அதை ஒட்டி 15 அடிப் பட்டையையும் விடச் சொன்னது சிட்டி. மொத்தச் சொத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. 'சைக்கிள் பாதை வந்தால் கடையால் கூடும் போக்குவரத்தை ஓரளவு ஈடுகட்டக்கூடும்' என்பது சிட்டியின் காரணம். நீதிமன்றம் பிடித்துக்கொண்டது அந்தக் 'கூடும்' என்ற ஒரு சொல்லைத்தான். ஈடுகட்டும் என்று காட்டினாயா, இல்லையே என்று கேட்டு, கேட்பது திட்டத்தின் பாதிப்புக்கு ஏறத்தாழ ஈடான அளவில் இருக்க வேண்டும், அதைச் சிட்டிதான் காட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. நிலத்துக்கு மட்டுமா, காசுக்கும் இது பொருந்துமா என்ற சந்தேகத்தை 2013-இல் ஃப்ளோரிடாவிலிருந்து வந்த கூன்ட்ஸ் வழக்கு தீர்த்தது: காசுக்கும் பொருந்தும். 'எல்லாருக்கும் ஒரே அட்டவணைப்படி வாங்குகிறோம், அதனால் கேள்வி கேட்க முடியாது' என்று கலிஃபோர்னியாவின் எல் டொராடோ கவுன்டி (மாவட்ட நிர்வாகம் மாதிரி) சொல்லிப் பார்த்தது. சொந்த நிலத்தில் ஒரு சின்ன வீடு வைக்கப் போனவரிடம் 23,420 டாலர் டிராஃபிக் ஃபீ வாங்கியிருந்தார்கள். அட்டவணை என்பதால் மட்டும் தப்பித்துவிட முடியாது என்று 2024-இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

உங்களுக்கு இதைவிட நெருக்கமான வழக்கு ஒன்று உண்டு. உங்கள் பக்கத்திலேயே இருக்கும் ஃப்ளவர் மவுண்ட். 247 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்புக்கு அனுமதி கொடுத்தபோது, பக்கத்தில் ஓடிய சிம்மன்ஸ் ரோட்டின் தாரைப் பெயர்த்துவிட்டுக் கான்கிரீட் போடச் சொன்னது அந்த டவுன். டெவலப்பர் ஆட்சேபம் தெரிவித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தார். 4,84,000 டாலருக்கு மேல் ஆனது. அப்புறம் வழக்குப் போட்டார். 4,25,426 டாலரைத் திருப்பிக் கொடு என்று வந்த தீர்ப்பை 2004-இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ரோட்டைப் போட்டுக் கொடுத்துவிட்ட பிறகு வழக்குப் போட முடியாது என்று டவுன் சொன்னதை அது ஏற்கவில்லை. உங்கள் கடிதத்தில் இருக்கும் 620 அடியைப் பார்த்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இதுதான்.

அதற்கு அடுத்த வருஷமே டெக்சாஸ் சட்டமன்றம் இதை எழுத்தில் கொண்டுவந்தது. உள்ளாட்சிச் சட்டம் 212.904. நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது இந்த ஒரு பிரிவைத்தான். நிலமாகவோ, ஃபீயாகவோ, கட்டுமானச் செலவாகவோ உங்களிடம் கேட்பது உங்கள் திட்டத்துக்கு ஏறத்தாழ ஈடான அளவைத் தாண்டக் கூடாது. அந்த அளவை, சிட்டி அமர்த்திய, உரிமம் பெற்ற எஞ்சினியர் ஒப்புக்கொள்ள வேண்டும். நீங்கள் எழுதிக் கேட்டால் 30 நாளுக்குள் அந்த நிர்ணயத்தைத் தர வேண்டும். உங்களுக்கு வந்த ஏழு பக்கக் கடிதத்தில் அப்படி ஒரு நிர்ணயம் இல்லை. எஞ்சினியர் கையெழுத்தும் இல்லை. கீழே இருப்பது திட்ட மேலாளரின் பெயர். ஆக, நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, 212.904-இன் கீழ் நிர்ணயம் கேட்டு இரண்டே வரியில் ஒரு விண்ணப்பம். சண்டைக் கடிதமாக எழுத வேண்டாம். ஓர் எஞ்சினியர் தன் உரிமத்தை வைத்துக் கையெழுத்துப் போடும்போது எண்கள் தாமாகவே கொஞ்சம் இளைக்கும். நானே போட்டிருக்கிறேன், தெரியும்.

அவர்கள் கணக்குப் போடும்வரை சும்மா இருக்க வேண்டாம், நீங்களும் போடுங்கள். நீங்கள் அனுப்பியிருந்த சிட்டி அட்டவணையை வைத்தே போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு தனி வீட்டால் மாலை நெரிசல் மணியில் ரோட்டுக்கு வரும் பயணங்கள் சராசரியாக 0.94. போக்குவரத்து எஞ்சினியர்கள் எல்லாரும் வைத்திருக்கும் கையேட்டின் எண் இது. உங்கள் 28 வீட்டுக்கு ஏறக்குறைய 26 பயணம். ஒரு மணி நேரத்துக்கு 26 கார், அதாவது இரண்டு நிமிஷத்துக்கு ஒரு கார்கூட இல்லை. ஒவ்வொரு பயணமும் ரோட்டில் எவ்வளவு தூரம் போகும் என்று பெருக்கி, வீட்டுக்கு 3 வாகன-மைல் என்று உங்கள் சிட்டி வைத்திருக்கிறது. 28 வீட்டுக்கு 84. ஒரு வாகன-மைல் அளவுக்கு ரோடு போட முழுச் செலவு 2,400 டாலர் என்று அவர்கள் திட்ட அறிக்கையே சொல்கிறது. பெருக்கினால் 2,01,600. ஊர் ரோட்டில் உங்கள் வீடுகள் ஏற்றும் சுமைக்குச் சிட்டியே எழுதிவைத்திருக்கும் விலை இவ்வளவுதான்.

இங்கே ஒரு தப்பு நடக்கும், அதைச் செய்துவிடாதீர்கள். இம்பாக்ட் ஃபீ ஒரு வாகன-மைலுக்கு 1,100தானே, அதனால் எங்கள் பங்கு 92,400 மட்டுமே என்று நிறையப் பேர் வாதாடுவார்கள். டெக்சாஸ் இம்பாக்ட் ஃபீ சட்டம், அதாவது அத்தியாயம் 395, முழுச் செலவையும் ஃபீயாக வாங்க விடாது. பிற்பாடு நீங்கள் கட்டப்போகும் வரிக்குக் கழிவு கொடுக்க வேண்டும், அல்லது நேரடியாகப் பாதியைக் கழிக்க வேண்டும். உங்கள் சிட்டி பாதியைக் கழித்து 1,200 ஆக்கி, நகர மன்றமான கவுன்சிலில் 1,100 என்று முடித்திருக்கிறது. ஆனால் ஈடான அளவு என்று வரும்போது முழுச் செலவான 2,400-ஐத்தான் எஞ்சினியர் எடுப்பார். அதை மறுத்து நின்றால் தோற்பீர்கள். 2,01,600-இலேயே நில்லுங்கள், அதுவே போதும்.

இனி மறுபக்கம். போக்குவரத்தின் பெயரில் அவர்கள் கேட்பதையெல்லாம் ஒரே தாளில் எழுதுங்கள். ரோடு 3,90,000. இம்பாக்ட் ஃபீ 92,400. சிக்னல் 1,00,000. கூடவே, எல்லாரும் மறந்துவிடும் ஒன்று: அந்த 15 அடி நிலம். 620 அடி நீளத்துக்கு அது 9,300 சதுர அடி, ஏக்கரில் ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேல். ஏக்கர் 1,80,000-க்கு வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் 38,000 டாலர் பெறுமான நிலம். 'சும்மா விட வேண்டும்' என்று நீங்களே எழுதினீர்கள் பாருங்கள், அந்தச் சும்மாவுக்குத்தான் 38,000. கூட்டினால் 6,20,000 டாலர். உங்கள் சுமை 2,01,600, கேட்பது அதைப் போல மூன்று மடங்குக்கு மேல். இந்த ஒரு பக்கத் தாளை மேசையில் வைத்த பிறகு பேசத் தொடங்குங்கள்.

சிட்டி என்ன சொல்லும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'ரோடு மாஸ்டர் பிளானில் இருக்கிறது, முன்னால் நிலம் வைத்திருப்பவர் பாதி போட வேண்டும் என்பது எங்கள் விதி' என்பார்கள். விதி இருக்கட்டும், விதிக்கும் அதே அளவுகோல் உண்டு. 'அப்படியானால் ரோட்டுக்குப் பதில் பணமாக எஸ்க்ரோவில் கட்டுங்கள்' என்பார்கள், அதாவது அந்த வேலைக்கென்று ஒதுக்கிவைக்கும் கணக்கில். தொகை 2,01,600-க்குள் இருந்தால், தயங்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். 620 அடித் துண்டு ரோட்டைப் போட்டுவிட்டு, இரண்டு முனையிலும் தார் ரோட்டோடு வளைத்து இணைத்து, பாண்ட் என்கிற உத்தரவாதப் பத்திரம் கட்டி, இரண்டு வருஷம் பராமரிப்புப் பொறுப்பையும் சுமப்பதைவிட அது எவ்வளவோ மேல். சிட்டிக்கும் அந்தத் துண்டு ரோட்டால் பெரிய பிரயோசனம் இல்லை, அது அவர்களுக்கும் தெரியும்.

ரோட்டை நீங்களே போடுவதாக முடிந்தால், இம்பாக்ட் ஃபீயில் அதைக் கழிக்கக் கேளுங்கள். நிபந்தனையாகப் போடச் சொன்ன, நிலத்துக்கு வெளியே இருக்கும் ரோட்டுக்கான செலவை ரோடு இம்பாக்ட் ஃபீயில் கழித்தே ஆக வேண்டும் என்று 395-ஆம் அத்தியாயத்திலேயே இருக்கிறது. எல்லையோரத்து ரோடு 'வெளியே' என்ற கணக்கில் சேருமா என்பதில் இழுபறி வரலாம். அதற்கு உங்கள் சிட்டியின் சொந்த ஆணையையும், அந்த ரோடு அவர்களுடைய மூலதனத் திட்டப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பட்டியலில் இருந்தால் வாதம் பாதி முடிந்தது. அந்த ரோட்டுக்கென்று வாங்கும் ஃபீயையும் வாங்கிக்கொண்டு, ரோட்டையும் உங்களையே போடச் சொல்வதற்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு நியாயம் சொல்வது?

சிக்னல் விஷயம் எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. 4,00,000 டாலர் சிக்னலில் 1,00,000 எப்படி வந்தது தெரியுமா? நாற்சந்திக்கு நாலு மூலை, மூலைக்கு ஒருவர், ஆளுக்குக் கால் பங்கு. இத்தனைக்கும் நீங்கள் மூலையிலேயே இல்லை, கால் மைல் தள்ளி இருக்கிறீர்கள். சந்திக்கு வரும் வண்டிகளில் எத்தனை உங்களுடையவை என்று பாருங்கள். 26-இல் 16 அந்தப் பக்கம் போகிறது என்று வையுங்கள். சந்தியில் மாலை மணிக்கு இப்போது 1,300 வண்டி என்று அவர்கள் எண்ணியது அறிக்கையில் இருக்கிறது. 16 என்பது நூற்றுக்கு ஒன்றேகால், டாலரில் 5,000-க்குள். சிட்டி, 'வளர்ச்சியில் உங்கள் பங்கு என்ன என்று பார்க்க வேண்டும்' என்று திருப்பும். எதிர்கால எண்ணிக்கையை அவர்கள் 1,800 என்று போட்டிருக்கிறார்கள், கூடுவது 500. அதில் 16 என்றால் 12,800 டாலர். அதுவும் நியாயமான கணக்குதான். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே முடித்தாலும் முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தத் தொகையும் மேலே சொன்ன 2,01,600-க்கு உள்ளேயே அடங்க வேண்டும், தனியாக அல்ல. டெபாசிட் எத்தனை வருஷத்துக்குள் செலவாகாவிட்டால் திரும்பி வரும் என்பதையும் எழுதி வாங்குங்கள். இம்பாக்ட் ஃபீக்குப் பத்து வருஷம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. எஸ்க்ரோவுக்கு ஒப்பந்தத்தில் எழுதியதுதான் சட்டம்.

இனி தண்ணீர் பைப். இதில் உங்கள் கை ரோட்டில் இருக்கும் அளவுக்கு ஓங்கி இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும். 1,400 அடி தள்ளித்தான் மெயின் இருக்கிறது, பைப் இல்லாமல் உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வராது. ஆக, பைப் உங்கள் தேவை. ஆனால் உங்கள் தேவை எத்தனை இஞ்ச்? 28 வீட்டுக் குளியலுக்கும் சமையலுக்கும் 8 இஞ்ச்கூட வேண்டாம். தீயணைப்புக் குழாய்க்குப் போதுமான ஓட்டம் வேண்டும் என்பதால் 8 இஞ்ச். அதை உங்கள் எஞ்சினியர் மாடல் போட்டுக் காட்டிவிடுவார். சிட்டி 12 கேட்பது உங்களுக்குப் பின்னால் வரப்போகிறவர்களுக்காக. ஒன்றரை மடங்கு அகலம் என்பதால் ஒன்றரை மடங்கு தண்ணீர் என்று நினைத்துவிடாதீர்கள். உராய்வு இழப்பு அதேதான் என்று வைத்துக்கொண்டால், 12 இஞ்ச் பைப் 8 இஞ்சைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு தண்ணீர் எடுக்கும். அதாவது அந்தப் பைப்பில் ஓடப்போகும் தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்கு ஊருக்கு.

'அப்படியானால் செலவிலும் மூன்றில் இரண்டு பங்கு சிட்டி கொடுக்கட்டும்' என்று கேட்கத் தோன்றும். கிடைக்காது. பள்ளம் தோண்டும் கூலியும், மணல் படுகையும், மூடுவதும் எந்த இஞ்சானாலும் பெரிதாக மாறுவதில்லை. அதனால்தான் 12 இஞ்ச் மூன்று மடங்கு விலை ஆவதும் இல்லை. உங்கள் கான்ட்ராக்டர் கொடுத்த விலையில் 8 இஞ்ச் அடிக்கு 95, 12 இஞ்ச் அடிக்கு 140. வித்தியாசம் 45, 1,400 அடிக்கு 63,000 டாலர். இந்த 63,000-ஐச் சிட்டி முழுசாகவே கொடுக்கலாம். 5,000 பேருக்கு மேல் வசிக்கும் சிட்டி, டெண்டர் விடாமலே டெவலப்பரோடு ஒப்பந்தம் போட்டுச் செலவில் சேர்ந்துகொள்ள டெக்சாஸ் சட்டம் அனுமதிக்கிறது. பொதுவாக மொத்தத்தில் 30 சதவீதம் வரைதான் முடியும், கூடுதல் அளவுக்காக ஆகும் செலவை மட்டும் நூறு சதவீதமும் கொடுக்கலாம். ஆனால் ஒப்பந்தம் வேலை தொடங்கும் முன்பே கவுன்சிலில் நிறைவேற வேண்டும். பைப்பைப் புதைத்துவிட்டு பில்லை நீட்டியவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மனசு கேட்கவில்லை, ஆனாலும் வேறு வழி இருக்கவில்லை.

கொஞ்சம் இருங்கள், இன்னொன்று. அந்த 1,400 அடியில் இரண்டு காலி நிலங்களைத் தாண்டித்தான் பைப் வருகிறது. நாளைக்கு அவர்கள் வீடு கட்டி உங்கள் பைப்பில் இணைப்பு எடுத்தால், அடிக்கு இவ்வளவு என்று சிட்டி அவர்களிடம் வாங்கி உங்களுக்குத் திருப்பித் தரும் ஏற்பாடு பல சிட்டிகளில் உண்டு. புரோ ராட்டா என்பார்கள். கேட்காதவர்களுக்குக் கிடைக்காது. கேட்கும்போது எத்தனை வருஷம், பணம் உங்கள் கம்பெனிக்கா அல்லது நிலத்துக்கா என்று தெளிவாக எழுதுங்கள். மனைகளை விற்று முடித்ததும் நீங்கள் நால்வரும் கம்பெனியைக் கலைத்துவிட்டால் செக்கை யார் பெயருக்கு அனுப்புவது?

இன்ஸ்பெக்‌ஷன் ஃபீக்கு அதிகம் பேச வேண்டியதில்லை. கட்டுமானச் செலவில் இத்தனை சதவீதம் என்று ஆய்வுக் கட்டணம் வாங்குவதை 2023-இல் டெக்சாஸ் தடுத்துவிட்டது. அந்த வருஷம் செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. பழைய அட்டவணையை யாரோ கடிதத்தில் ஒட்டியிருக்கிறார்கள். மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போட்டால் போதும். 56,000-உம் பூஜ்யம் ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம், மணிக்கணக்கிலோ மனைக்கணக்கிலோ வேறொரு தொகை வரும்.

முறையிட மாட்டோம் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அனுமதிக்கு நிபந்தனையாக முறையீட்டு உரிமையை விடச் சொல்லக் கூடாது என்று அதே 212.904 சொல்கிறது. இது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் வருவதல்ல, பத்து வருஷத்துக்கு முந்தைய மாதிரி ஒப்பந்தத்தை அப்படியே எடுத்து அனுப்புவதால் வருவது. அந்தப் பத்தியைக் கோடிட்டு அடித்து, ஓரத்தில் பிரிவு எண்ணை எழுதி அனுப்புங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. தண்ணீர், கழிவுநீர் இம்பாக்ட் ஃபீ உங்கள் கூட்டலில் இல்லை. அது மீட்டர் அளவை வைத்து வரும். சின்ன 5/8 இஞ்ச் மீட்டரை ஒன்று என்று வைத்தால், 1 இஞ்ச் இரண்டரை, 2 இஞ்ச் எட்டு என்பது வழக்கமான விகிதம். சில வருஷங்களுக்கு முன் என் வாடிக்கையாளர் ஒருவர், குடியிருப்பின் வாசலில் புல்லுக்கும் பூச்செடிக்கும் தண்ணீர் விட 2 இஞ்ச் மீட்டர் வரைபடத்தில் போட்டுவிட்டார். போட்டது தோட்டக் கலைஞர், கவனிக்காமல் முத்திரை வைத்தது நான். எட்டு வீட்டுத் தண்ணீர் ஃபீயை அந்தப் புல் குடித்துவிட்டது. இரவில் பகுதி பகுதியாகத் தண்ணீர் விடும் கன்ட்ரோலர் வைத்திருந்தால் 1 இஞ்சே போதும். உங்கள் வரைபடத்தில் வலது மூலையில் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மீட்டர் குறி தெரிகிறது, அளவைப் பாருங்கள்.

தொகையைவிட எப்போது கட்டுவது என்பதில் சிட்டி எளிதாக இறங்கும். வரைபடம் கவுன்டியில் பதிவாகும் நாளில் இம்பாக்ட் ஃபீ விகிதம் உங்களுக்கு உறுதியாகிவிடும். வீடுகளின் எண்ணிக்கை கூடினால் தவிர அதற்கப்புறம் ஏற்ற முடியாது. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவையாவது சிட்டி திட்டத்தைப் புதுப்பிக்க வேண்டும், உங்கள் சிட்டியின் அட்டவணையில் இருக்கும் தேதியைப் பார்த்தால் அது நெருங்கிவிட்டது. அதனால் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். ஆனால் காசை அன்றைக்கே கட்ட வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் பில்டிங் பெர்மிட் எடுக்கும்போது கட்டலாம் என்று எழுதி வாங்கினால், மனையை வாங்கும் பில்டர் தன் கைக்காசில் கட்டிக்கொள்வார். உங்கள் வங்கி வட்டி மிச்சம். ('பிளாட் பதிவு' என்று ஊரில் அப்பாவிடம் சொல்லும்போது விளக்கிச் சொல்லுங்கள். இங்கே பிளாட் என்றால் மனைப்பிரிவு வரைபடம். என் அம்மா ஆறு மாசம் நான் அடுக்குமாடி வீடு வாங்கப்போவதாக நினைத்துக்கொண்டிருந்தார்.)

கடிதத்தின் கடைசியில் தீபாவளி வருவதால் எஞ்சினியருக்கு ஸ்வீட் பாக்ஸ் அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல மனசுதான், வேண்டாம். உங்கள் மனு அவர் மேசையில் இருக்கும்போது அவருக்கு அது தலைவலி. என் மேசைக்கு வந்த ஒரு கிலோ காஜு கத்லியை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

லாயர் எப்போது என்றால், இப்போது இல்லை. முதலில் போக்குவரத்துக் கணக்குத் தெரிந்த சிவில் எஞ்சினியர் ஒருவர். நிர்ணயம் வந்து அது உங்கள் தாளோடு ஒத்துப்போகாவிட்டால் கவுன்சிலிடம் முறையீடு. அங்கே பேசுவதும், சான்று கொடுப்பதும் உங்கள் உரிமை. நீங்கள் கடைசிச் சான்றைக் கொடுத்து 30 நாளுக்குள் அவர்கள் முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவும் பிடிக்காவிட்டால் கவுன்டி அல்லது டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டுக்குப் போக உங்களுக்கும் 30 நாள்தான். லாயரை முறையீட்டு நாளுக்கு ஒரு மாசம் முன்னால் பிடியுங்கள். கோர்ட்டில் ஜெயித்தால் லாயர் ஃபீயும் நிபுணர் செலவும் சிட்டி தர வேண்டும் என்று சட்டத்தில் இருப்பதால், சிட்டியின் லாயரே பல சமயம் 'முடித்துக்கொள்ளுங்கள்' என்று எஞ்சினியரிடம் சொல்வார். உங்கள் எண்களை வைத்துப் பார்த்தால், எட்டு லட்சத்துச் சொச்சம் நான்கு லட்சத்துக்குள் வந்து நிற்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. 38,000 டாலர் நிலத்தையும் கணக்கில் ஒப்புக்கொண்டார்களானால் இன்னும் கொஞ்சம் இறங்கும்.

அந்த இரண்டு வரி விண்ணப்பத்தை மின்னஞ்சலில் மட்டும் அனுப்பாதீர்கள். நேரில் போய், சிட்டி செகரட்டரி அலுவலகத்தில் தேதி முத்திரை போட்டு, ஒரு நகலைக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள். முப்பது நாள் அந்த முத்திரையிலிருந்துதான் ஓடத் தொடங்கும்.